முகத்தில் பூசுவதை முதலில் நிறுத்துங்கள்

பிள்ளையின் முகத்தில் ஏதோ வந்து, வாரக்கணக்கில் மாறாமல் நிற்கிறது என்றால், இதுவரை அந்த முகத்தில் பூசிய எல்லாவற்றையும் எடுத்து ஒரு மேசையில் வையுங்கள். குழந்தைப் பவுடர், பயற்றம்மா, மஞ்சள், கிரந்தி எண்ணெய், கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய கிரீம், பார்மசியில் பெயர் சொல்லி வாங்கிய டியூப், பக்கத்து வீட்டில் பாவித்து மிஞ்சிய டியூப். நான் குடும்பநல உத்தியோகத்தராக யாழ்ப்பாணத்தில் வலிகாமத்திலும் வடமராட்சியிலும் வீடு வீடாகப் போன காலத்தில், அந்த மேசை நிறையாத வீடு அரிது. எல்லாம் அன்பினால் பூசியவைதான். ஆனால் இத்தனையும் ஒரு கன்னத்தில் இறங்கிய பிறகு, நோய் எது, பூச்சு செய்த வேலை எது என்று வைத்தியராலும் உடனே பிரித்துச் சொல்ல முடியாது.

வைத்தியர் எழுதித் தந்த மருந்தை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மற்றவற்றை ஒரு வாரம் அலுமாரியில் வையுங்கள். அந்த வாரத்தில் முகத்துக்குத் தேவை இரண்டுதான்: சவர்க்காரம் இல்லாத வெறும் தண்ணீர், வாசனை இல்லாத வெள்ளை வாஸ்லின். பல பிள்ளைகளுக்கு இதிலேயே பாதிச் சிவப்பு அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் நட்டமில்லை. இப்போது உண்மையான நோயை அதன் சொந்த முகத்தில் பார்க்க முடியும்.

வெளிச்சத்தில் பார்ப்பது

காலையில், விறாந்தையில், நேரடி வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் வைத்துப் பாருங்கள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பும் தெரியாது, வெளிறலும் தெரியாது. நமது பிள்ளைகளின் மாநிறத் தோலில் அழற்சி எப்போதும் சிவப்பாகத் தெரிவதில்லை. கருமையாகவோ, ஊதா கலந்த நிறமாகவோ, சாம்பல் பூத்தது போலவோ இருக்கலாம். ஆகவே கண்ணால் பார்த்துவிட்டு நிறுத்தாமல், விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அது எழுதி வைக்க வேண்டிய செய்தி. வாரம் ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளில் முகம் நன்றாக இருந்துவிடும். அப்போது உங்களுக்காகப் பேசுவது அந்தப் படங்கள்தான்.

எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்ற இரண்டையும் பாருங்கள். கைக்குழந்தையின் இரண்டு கன்னங்களும் சொரசொரத்துக் கசிந்து, மூக்கும் நப்பி கட்டும் இடமும் மட்டும் சுத்தமாக இருந்தால், அது பெரும்பாலும் நாம் கரப்பன் என்று சொல்லும் ஒவ்வாமைத் தோல் அழற்சி. பொதுவாக இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் தொடங்கும். கடி (அரிப்பு) இருக்கும், கைக்குழந்தைக்குச் சொறியத் தெரியாது, ஆகவே கன்னத்தை அம்மாவின் தோளிலும் தலையணையிலும் தேய்க்கும், இரவில் அழும். வீட்டில் யாருக்காவது இழுப்பு, தும்மல், கரப்பன் இருந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

கடி இல்லாமல், பிறந்த சில வாரங்களில் கன்னத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் அவற்றைத் தொடவே வேண்டாம். சில மாதங்களில் தானாக மறையும். அதன் மேல் எண்ணெய் தேய்ப்பதுதான் நீடிக்கச் செய்யும். உச்சந்தலையிலும் புருவத்திலும் மஞ்சள் செதிளாகப் படிவதும் பெரும்பாலும் முதல் வயதுக்குள் தானாகப் போகும்.

உதட்டைச் சுற்றி மட்டும் சிவந்து வெடித்திருந்தால் எச்சிலைச் சந்தேகியுங்கள். சூப்பி சூப்பும் பிள்ளை, உதட்டை நக்கும் பிள்ளை, பல் முளைக்கும் பிள்ளை. சாப்பாட்டுக்கு முன் வாயைச் சுற்றி வாஸ்லினை ஒரு படலமாகப் பூசிவிட்டால், தக்காளியும் தோடம்பழச் சாறும் தோலில் நேரே படாது. சாப்பிட்ட பிறகு துடைக்காமல் ஒற்றி எடுங்கள். ஆனால் உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டும் சுத்தமாக இருக்க, அதற்கு வெளியே சிறு பருக்கள் வளையமாக நின்றால் கதை வேறு: ஸ்டீரொயிட் என்ற அழற்சியை அடக்கும் மருந்து கலந்த கிரீமை முகத்தில் தொடர்ந்து பூசிய பிள்ளைகளிடம் இதை அடிக்கடி காணலாம். கிரீமை நிறுத்தியதும் சில நாட்கள் கூடிக்காட்டும்; பயந்து மீண்டும் பூசாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

தேன் காய்ந்து ஒட்டியது போன்ற மஞ்சள் பொருக்கு மூக்கடியிலும் வாயோரத்திலும் இருந்தால் அது கிருமித் தொற்று, பரவக்கூடியது. துவாயையும் தலையணையையும் பிரித்து வையுங்கள். மருந்து தொடங்கி இரண்டு நாள் கழியும்வரை முன்பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அது மாறிய பிறகும் சில வாரங்களுக்கு ஒரு கண் வைத்திருங்கள்: காலையில் முகமும் கண்மடலும் வீங்கி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் குறைவாகப் போனால், அந்தத் தொற்றின் பின்விளைவு சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வளையமாகப் பரவி, ஓரம் தடித்து நடு தெளிந்திருந்தால் படர்தாமரை. நடுவில் சிறு குழி விழுந்த, முத்துப் போன்ற உருண்டைகள் என்றால் பாலுண்ணி. அது ஒரு வைரஸ், ஒரு வருடம்கூட எடுத்துத்தான் போகும், நசுக்கினால் பரவும். வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் கடி இருக்கிறது, பிள்ளையின் உள்ளங்கையிலும் பாதத்திலும் பருக்கள் இருக்கின்றன என்றால் சொறிப்பூச்சியை நினையுங்கள். அதற்கு முழுக் குடும்பமும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். நெற்றியிலும் கன்னத்திலும் விடியும்போது புதிதாகத் தடிப்புகள் நின்றால் பெரும்பாலும் நுளம்பு. பூச்சை விட்டுவிட்டு நுளம்பு வலையின் கிழிசலைத் தையுங்கள்.

வெளிறிய திட்டுகள்

யாழ்ப்பாணத்துத் தாய்மார் என்னை அதிகம் கேட்டது இதைத்தான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் பார்த்து, விடுமுறை முழுவதும் வெயிலில் ஓடித் திரிந்த பிள்ளையின் கன்னத்தில், மாசி பிறக்கும்போது இரண்டு மூன்று வெளிறிய திட்டுகள் தெரியும். ஓரம் தெளிவில்லாமல், லேசான செதிளோடு இருக்கும். வீட்டில் உடனே “வயிற்றில் பூச்சி” என்பார்கள். பூச்சிக்குளிசை வாங்கிக் கொடுப்பார்கள். பூச்சிக்குளிசையை அதன் காலத்தில் கொடுப்பது நல்லதுதான். ஆனால் இந்தத் தேமலுக்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை, கல்சியம் குறைவுக்கும் தொடர்பில்லை. காய்ந்து லேசாக அழன்ற தோல் அந்த இடத்தில் நிறத்தை இழந்திருக்கிறது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்க, திட்டு கூடுதலாக வெளிறித் தெரிகிறது. யாருக்கும் தொற்றாது. காலையும் மாலையும் வாஸ்லின், வெயிலில் அகன்ற விளிம்புத் தொப்பி, அவ்வளவு போதும். நிறம் சமப்பட மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும் ஆகும். முன்பள்ளி ஆசிரியை பிள்ளையைத் தனியாக இருத்துகிறார் என்று கேள்விப்பட்டால், போய் மரியாதையாக விளக்குங்கள். திட்டைவிட அந்தத் தனி இருக்கைதான் பிள்ளைக்கு வலிக்கும்.

இரண்டு வகை வெளிறலை மட்டும் தேமல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. செதிள் இல்லாமல், பால் வெள்ளையாக, ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருந்தால் அது வெண்புள்ளியாக இருக்கலாம். ஒரே ஒரு திட்டு, பராமரித்தும் மாதக்கணக்கில் அசையாமல், அல்லது மெல்லப் பெரிதாகிக்கொண்டு நின்றால், வைத்தியர் தொழுநோயையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இலங்கை 1995இல் தேசிய அளவில் ஒழிப்பு இலக்கை எட்டினாலும், புதிய நோயாளிகள் ஒவ்வோர் ஆண்டும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும் என்பார்கள்; ஆனால் உணர்ச்சி இருக்கிறதே, அது தொழுநோய் இல்லை என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். முகத்தில் நரம்புகள் நிறைந்திருப்பதால் அங்கே உணர்ச்சி மாறாமலும் இருக்கலாம். மருந்து இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். பயமும் வெட்கமும் இதில் வேண்டாதவை.

கரப்பனுக்கு அன்றாடம்

நீண்ட காலம் நிற்பது பெரும்பாலும் கரப்பன்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கரப்பன் உள்ள தோல் ஒழுகும் கூரை போன்றது: உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே இறங்கும். அதை அடைப்பதுதான் அடிப்படை வேலை. ஒரு நாள் செய்துவிட்டு விடும் வேலையல்ல.

குளிப்பாட்டுவதைத் தவிர்க்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை அலுமினியச் சட்டியில் வெயிலில் வைத்துச் சூடாக்கும் நமது பழக்கம் நல்லது. ஆனால் மத்தியான வெயிலில் அது எதிர்பார்த்ததைவிடச் சுட்டுவிடும். முழங்கையை விட்டுப் பார்த்து, இளஞ்சூடு மட்டும் என்று உறுதி செய்யுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். முகத்துக்குச் சவர்க்காரம் வேண்டாம், பயற்றம்மாவும் கடலைமாவும் வேண்டாம். பூனைமுடி போக வேண்டும் என்று மாவைப் போட்டுக் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்க்க எனக்கு மனம் பதைக்கும். அந்த முடி தானாகவே உதிரும். குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி, தோல் முழுக்கக் காய்வதற்கு முன் வாஸ்லினைப் பூசுங்கள். தேய்க்காமல், முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக. முகத்துக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறைகூடப் பூசலாம். போத்தலுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். அக்குவஸ் கிரீம் என்று விற்பதைக் கழுவுவதற்குப் பாவிக்கலாம். பூசி விட்டுவிட வேண்டாம், அதில் உள்ள சலவைப் பொருள் சில பிள்ளைகளின் தோலை எரிக்கும்.

தேங்காயெண்ணெயை நான் முற்றாக மறுப்பவள் அல்ல. பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. காய்ச்சாமல் எடுத்த தூய தேங்காயெண்ணெய் கரப்பனைக் கனிம எண்ணெயைவிட நன்றாகத் தணித்தது. ஆகவே புதிய, வாசனை சேர்க்காத எண்ணெயைக் கசிவில்லாத காய்ந்த தோலில் பூசலாம். ஒலிவ் எண்ணெய் வேண்டாம். அது தோலின் தடுப்பைக் குலைக்கிறது. மூலிகை எண்ணெய்கள் என்றால், என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம், கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் கேளுங்கள். இரு வைத்தியத்தையும் ஒரே கன்னத்தில் ஒரே வாரத்தில் கலக்காதீர்கள்.

நமது தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே சாட்சி. கடின நீர்ப் பகுதிகளில் கரப்பன் சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இங்கிலாந்தில் 336 பிள்ளைகளின் வீடுகளில் நீரை மென்மையாக்கிப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் கரப்பனுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆகவே விலை கொடுத்து இயந்திரம் வாங்கத் தேவையில்லை. கடின நீரில் நுரை வராததால் நாம் சவர்க்காரத்தைக் கூடப் போடுகிறோம், அதைக் குறையுங்கள். கரையோரத்தில் உவர் கிணறு உள்ளவர்கள், முகம் கழுவ மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஒதுக்கினால் நல்லது.

சோளகக் காற்று புழுதியோடு வீசும் மாதங்களில் வெளியே போய்வந்ததும் முகத்தைத் தண்ணீரால் கழுவி மீண்டும் வாஸ்லின். நல்லூர்த் திருவிழா அந்தக் காலத்தில்தான் வரும்; மணலில் விளையாடிய பிள்ளைக்கும் இதே. கடையில் வாங்கும் சந்தனம் பலவற்றில் வாசனையும் நிறமும் கலந்திருக்கும், ஆகவே கரப்பன் உள்ள நெற்றியில் வேண்டாம். கண்ணூறுக்குக் கறுப்புப் பொட்டு வைக்க வேண்டும் என்றால் உடுப்பின் ஓரத்திலோ பாதத்திலோ வையுங்கள். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவது கடியைக் கூட்டும், மூச்சுக்கும் நல்லதல்ல. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் ஒருபோதும் தேய்க்காதீர்கள்; சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்து, பல வாரம் மாறாத கருந்தழும்பு விழும்.

நகத்தை வாரம் இரு முறை வெட்டுங்கள். கடிக்கும்போது நனைத்துப் பிழிந்த குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் அடங்கும். பிரிட்டோன் என்ற ஒவ்வாமைச் சிரப்பைக் கடிக்கு என்று வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அது தூங்கச் செய்யும், கரப்பனின் கடியை அதிகம் குறைக்காது. சிறு குழந்தைக்கு வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது.

டியூப்பில் என்ன இருக்கிறது

தோலுக்குள் மருந்து இறங்கும் அளவு எங்கும் ஒன்றல்ல. முன்கையில் இறங்குவதைப்போல் சுமார் ஆறு மடங்கு நெற்றியில் இறங்கும்; கண்மடலில் அதைவிடவும் அதிகம். அதனால்தான் பெரியவரின் கால் கரப்பனுக்குத் தந்த குளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன் போன்ற வலிமையான ஸ்டீரொயிட்களைக் குழந்தையின் கன்னத்தில் பூசக் கூடாது. தோல் மெலியும், சிறு இரத்தக் குழாய்கள் தெரியும், பருக்கள் கிளம்பும். ஸ்டீரொயிட், அன்டிபயோட்டிக், பங்கசு மருந்து மூன்றும் கலந்த டியூப்கள் படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடும். இரண்டு நாள் அடங்கியது போல் காட்டி, பின்னர் முகம் முழுவதும் பரவும்.

அதே நேரம் ஸ்டீரொயிட் என்றாலே நஞ்சு என்று ஒதுங்குவதும் பிள்ளையைத்தான் வருத்தும். வைத்தியர் ஒரு சதவீத ஹைட்ரோகோர்ட்டிசோன் எழுதித் தந்தால், சொன்ன நாட்களுக்கு, சொன்ன அளவில், தயங்காமல் பூசுங்கள். பயந்து பயந்து பொட்டுப்போல் தொட்டு வைத்தால் மாதக்கணக்கில் இழுபடும். சரியாகப் பூசினால் சில நாட்களில் நிறுத்திவிடலாம். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: டியூப்பின் வாயிலிருந்து வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரைக் கிராம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தையின் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அது ஒன்று போதும். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுவரை ஒன்றரை. வாஸ்லினுக்கும் இதற்கும் இடையில் அரை மணி நேரம் விடுங்கள்.

வெளுப்பாக்கும் கிரீம் எதுவும் பிள்ளையின் முகத்துக்கு வேண்டாம். சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும், சிலவற்றில் பாதரசம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசிய தாயின் கன்னத்திலிருந்தும் பிள்ளைக்குப் போகும். “கறுத்துப் போனாளே” என்று சொல்லும் உறவினரை வாசலிலேயே திருத்துங்கள்.

கிரந்திச் சாப்பாடு

பிள்ளைக்குக் கரப்பன் வந்தவுடன் பால் கொடுக்கும் தாயின் கோப்பையிலிருந்து இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய், முட்டை எல்லாம் தோலுக்கு ஆகாத கிரந்திச் சாப்பாடு என்று எடுக்கப்படும். சோறும் பத்தியக் கறியும் மட்டும் தின்று மெலிந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன்; பிள்ளையின் கன்னம் அப்படியே இருந்தது. பெரும்பாலான கரப்பனுக்கு உணவு காரணமில்லை. குறிப்பிட்ட உணவு கொடுத்துச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, உதட்டு வீக்கம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த ஒன்றை நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். சரியாகப் பராமரித்தும் அடங்காத கடும் கரப்பன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருந்தால், பசுப்பால், முட்டை பற்றி வைத்தியரே ஆராய்வார். நீங்களாக எல்லாவற்றையும் வெட்டினால் கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு கீழே விழும். முட்டையையும் கச்சானையும் காரணமில்லாமல் தள்ளிப் போடுவது ஒவ்வாமையை வளர்க்கவும் கூடும்.

எப்போது, எங்கே

இரண்டு வாரம் ஒழுங்காகப் பராமரித்தும் குறையாவிட்டால், தூக்கம் கெட்டால், திட்டு பெரிதானால், முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டுங்கள். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள், கட்டணம் இல்லை. போகும்போது மேசையில் வைத்த அத்தனை டியூப்பையும் போத்தலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். பேசுவார்களோ என்று ஒளிக்க வேண்டாம். எப்போது தொடங்கியது, எதைப் பூசியபோது கூடியது, வீட்டில் வேறு யாருக்குக் கடி என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். நெரிசலான கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடத்தில் நினைவு கைவிடும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை சில. கரப்பன் உள்ள முகத்தில் திடீரென்று ஒரே அளவான கொப்புளங்கள் கூட்டமாக வந்து, துளைத்தாற்போல் புண்ணாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹேர்பிஸ் வைரஸ். இதனால்தான் உதட்டில் காய்ச்சல் கொப்புளம் உள்ளவர் எவரும் குழந்தையைக் கொஞ்சக் கூடாது என்கிறேன். கண்மடல் சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு கண் திறக்க முடியாமல் போவது, உதடும் நாக்கும் வீங்கி மூச்சு இழுப்பது, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புண்ணோடு காய்ச்சல் காய்வது, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. இவற்றில் எது வந்தாலும் வாகனம் தேடி நேரத்தைப் போக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வீட்டுக்கே வரும். ஒழுங்கையின் பெயரையும், அருகிலுள்ள கோயில் அல்லது சந்தியையும் சொல்லி, ஒருவரை வீதி முகப்பில் டோர்ச் லைட்டோடு நிற்கச் சொல்லுங்கள்.